மூக்கு வண்டிக்கு வைத்த பிரேக்

பங்குனிப் பொங்கலுக்கு இந்த வருஷம் அம்மன் டிராக்டரில்தான் வரும் என்று ஊர்க்கூட்டத்தில் ராக்கப்பன் சொன்னதும் பாண்டிலட்சுமி எழுந்து நின்றுவிட்டாள். பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்திலிருந்து ஒருத்தி அப்படி எழுந்து நிற்பது அந்த ஊரில் வழக்கமில்லை. அம்மன் சப்பரத்தை வண்டியில் ஏற்றி ஒரு பெண் ஓட்டுவதும் வழக்கமில்லாததுதான். அதையும் அவள்தான் பல வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள்.

"எம் மாமனார் வாங்குன வண்டி குத்துக்கல்லாட்டம் நிக்கைல டிராக்டர் எதுக்கு மாமா?" என்றாள்.

"வண்டி இருக்கு தாயி. அதுல பிரேக்கு இருக்கா?" என்றார் ராக்கப்பன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விழாக் கமிட்டித் தலைவர் வாயைத் திறந்தால் சிரிப்பதற்கென்றே நாலு பேர் எந்த ஊரிலும் இருப்பார்கள். ஆனால் அன்றைக்கு மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள் என்பதுதான் அவளைச் சுட்டது.

வெம்பக்கோட்டை அணைக்கு மேற்கே இருக்கும் அந்த ஊரில் அம்மன் வரும் வண்டிக்கு ஒரு மரியாதை உண்டு. வீட்டுக்கு வீடு நிறுத்தி, வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாகச் சக்கரத்தில் ஊற்றுவார்கள். அன்றைக்குச் சக்கரம்தான் அம்மன் பாதம். ஊரைச் சுற்றி முடித்து, கண்மாய்க் கரையிலிருந்து கோயிலுக்கு இறங்குகிற சரிவுக்கு வந்ததும் வாணவேடிக்கை தொடங்கும். பாதி ஊர் பட்டாசுக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற ஊர் என்பதால் வாணத்துக்கும் வெடிக்கும் பஞ்சமே கிடையாது. பெட்ரோல் வண்டியாயிற்றே என்று, சரிவின் உச்சியிலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்பது ஊர்க்கட்டு. அதற்கப்புறம் வண்டி தன் பாரத்தில் தானே உருளும். அதை ஆமை நடையில் இறக்கி, நடுச்சரிவில் ஆரத்திக்கு நிறுத்தி, மறுபடி இறக்குவது முழுக்க ஓட்டுகிறவளின் கால்பாடு.

போன வருஷம் அந்தக் கால் ஏமாந்துவிட்டது. மூக்கு நீண்டதால் ஊரே மூக்கு வண்டி என்று கூப்பிடும் அந்தப் பிக்கப்புக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அந்தக் காலத்து வண்டிகளுக்கெல்லாம் இருப்பதுபோல அதற்கும் டிரம் பிரேக். சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும் டிரம்முக்குள்தான் பிரேக் கட்டை உரசும். பாதபூஜைத் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வர வழியில்லை. போன வருஷம் நல்ல மழை, தண்ணீருக்குக் குறைவில்லை, குடங்களும் கூடிப்போயின. நடுச்சரிவில் அவள் மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. மேளக்காரர் தவிலோடு வாய்க்காலுக்குள் குதித்தார். ஹேண்ட் பிரேக் அவள் கல்யாணமாகி வருவதற்கு முன்பே செத்துப் போயிருந்தது. கியரைத் திணித்து, கீழே வாய்க்கால் பாலத்துச் சுவரில் மூக்கு இடிக்க ஒருவழியாக நிறுத்தினாள். அம்மன் ஒரு பக்கமாகச் சாய்ந்து மாலை அறுந்தது. யாருக்கும் அடியில்லை என்பதைத் தவிர நல்ல சேதி எதுவும் இல்லை.

பிரேக்கில் தண்ணீர் போய்விட்டது என்று அவள் வாய் வலிக்கச் சொன்னாள். "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்" என்று ஊர் சொல்லிவிட்டது. ஒரு வருஷமாக அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தவள், கூட்டத்தில் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்.

"பொங்கலுக்கு முந்துன நாளு, அதே சரிவுல, அதே பாரத்தோட வாரேன். எம்புட்டுத் தண்ணி வேணும்னாலும் ஊத்துங்க. எஞ்சின அணைச்சு நடுவுல நிறுத்திக் காட்டுறேன். நிக்கலையா, இனி அம்மன் வண்டில நான் கை வைக்க மாட்டேன்."

"சொன்ன சொல்லு மாறக் கூடாது தாயி" என்றார் ராக்கப்பன்.

"உங்களுக்கும் அதேதான் மாமா."

அவள் தம்பி விக்னேஷ்குமார் திருத்தங்கலில் மெக்கானிக் பட்டறை வைத்திருந்தான். வண்டியைக் கொண்டுபோய் அவன் வாசலில் நிறுத்திவிட்டு, தண்ணீர் போனாலும் பிடிக்கிற பிரேக் வேண்டும் என்றாள்.

"முன்சக்கரம் ரெண்டுக்கும் டிஸ்க் பிரேக் போட்ருவோம்க்கா. தட்டு மாதிரி வெளிய சுத்தும், ரெண்டு பக்கமும் பேடு கவ்விப் பிடிக்கும். ஊத்துற தண்ணி அங்கன தங்காது, மிச்சத்த பேடே வழிச்சு விட்ரும். கூடவே ஒரு பூஸ்டர் வச்சிட்டா கால் வச்சாலே நிக்கும்."

"பூஸ்டர் எதுலலே வேல செய்யும்?"

"எஞ்சின் இழுக்குற காத்துல."

"எஞ்சின அணைச்ச பெறகு?"

விக்னேஷ்குமார் தலையைச் சொறிந்தான். "ரெண்டு மூணு மிதி தாங்கும்."

"சரிவு பூரா மிதிக்கணும்லே. நடுவுல அது கைவிட்டுச்சுன்னா தவில்காரரு இந்தத் தடவ எங்கன குதிப்பாரு?"

"அப்ப பூஸ்டர் இல்லாம வெறுங்கால் பலந்தான். கல்லு மாதிரி இருக்கும், ஏறி மிதிக்கணும்."

"மிதிக்கேன்" என்றாள். முப்பது வருஷமாக நெல் அவித்து, பருத்தி சுமந்து, மூக்கு வண்டியின் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிய உடம்பு அது. மிதிப்பதற்கு யாரிடமும் கடன் கேட்கத் தேவையில்லை.

பழைய ஜீப் ஒன்றை உடைத்த மதுரை இரும்புக்கடையில் தட்டும், அதைக் கவ்வும் காலிப்பரும் கிடைத்தன. கிடைத்தது மட்டும்தான் சுலபம். காலிப்பரைத் தாங்க லேத்துப் பட்டறையில் கனத்த தகட்டில் ஒரு தாங்கி வெட்டினார்கள். மாட்டினால் தட்டு ஒரு பக்கமாக உரசியது. மறுபடி வெட்டினார்கள், இந்தத் தடவை சக்கரத்தை மாட்டினால் ரிம் வந்து காலிப்பரில் இடித்தது. விக்னேஷ்குமார் ஸ்பேனரை விட்டெறிந்துவிட்டு டீ குடிக்கப் போனான். அவள் அந்த ஸ்பேனரை எடுத்துத் துடைத்து, அவன் திரும்பி வரும்வரை கையில் வைத்துக்கொண்டு காலிப்பர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் வந்ததும் நீட்டினாள். மூன்றாவது தாங்கி அச்சாகப் பொருந்தியது. மிதிக்கிற பலம் கூடுதலாகப் போய்ச் சேர, பெடலிலிருந்து பிரேக்குக்கு ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் விட்டம் குறைந்த ஒன்றையும் தேடிப் போட்டான்.

கடைசியாக, பிரேக் ஆயில் குழாயில் சிக்கிய காற்றை எடுக்கும் வேலை. அவன் வண்டிக்கு அடியில், அவள் ஸ்டியரிங்குக்கு முன்னால்.

"மிதிக்கா... பிடிச்சுக்கோ... விடு. மிதி... பிடி... விடு."

முதலில் பெடல் சோற்றுக் கஞ்சி மாதிரி தொளதொளவென்று போனது. காற்று குமிழ் குமிழாக வெளியேறி, வெறும் ஆயில் மட்டும் வந்ததும் திடீரென்று காலுக்குக் கீழே இறுகி நின்றது. அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது. திருத்தங்கல் ரோட்டில் ஓட்டிப் போய் ஏறி மிதித்தாள். வண்டி மூக்கைத் தாழ்த்தி நின்றது.

"நின்னுச்சுலே! நின்னுச்சு!" என்று அவள் போட்ட சத்தத்தில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

இங்கேதான் அவள் வீட்டுக்காரர் மணிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவைக்குப் போர்மேன். நல்ல மனுஷன், ஆனால் பயந்தாங்கொள்ளி என்றால் பயந்தாங்கொள்ளிக்கே கோபம் வரும். மருந்து அறையில் இரும்புக்கே அனுமதியில்லை. கரண்டி மரம், சுத்தியல் பித்தளை. இரும்போடு இரும்பு உரசினால் பொறி, பொறி பட்டால் போச்சு. இதையே நாளெல்லாம் சொல்லிச் சொல்லி, வீட்டில் அரிவாள்மணையை நகர்த்தினாலும் அவருக்குத் திக்கென்றது.

சோதனைக்கு முந்தின சாயங்காலம் வண்டி வீட்டுக்கு வந்தது. அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இந்தத் தட்டு உரசுமா?" என்று கேட்டார். "உரசுனாத்தான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கமிட்டியே சரிவில் கூடி நின்றது. சப்பரத்தின் பாரத்துக்கு மணல் மூட்டை அடுக்கினார்கள். வீட்டிலிருந்து உச்சிவரை ஏற்றம்தான், அதுவரை பிரேக்கை அழுத்தி மிதிக்க வேலை வரவில்லை. உச்சியில் எஞ்சினை அணைத்தாள். வண்டி உருண்டது. மிதித்தாள். பெடல் கல்லு மாதிரி இருந்தது, ஆனால் வண்டி போய்க்கொண்டே இருந்தது. இரண்டு காலாலும் ஏறி மிதித்தாள். அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போய், கீழே கோயில் வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் புதைந்து நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இன்னும் ஊற்றவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ராக்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "டிராக்டருக்குச் சொல்லிருங்கப்பா" என்று நடந்தார்.

விக்னேஷ்குமார் மட்டும் சக்கரத்தருகே குந்தியிருந்தான். பின்சக்கரத்துப் பழைய டிரம்மால் மட்டும் இத்தனை பாரத்தை நிறுத்த முடியாதுதான். ஆனால் பெடல் இறுகித்தானே இருந்தது, காற்றில்லை, பிறகு முன்னால் ஏன் பிடிக்கவில்லை? தட்டை விரலால் தொட்டான். முகர்ந்தான். முகம் கோணலாகப் போனது.

"அக்கா, இது என்ன விளக்கெண்ணெ வாசம்?"

பாண்டிலட்சுமி மெல்லத் திரும்பித் தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"பொறி பறந்துரக் கூடாதேன்னு..." என்றார் மணிமுத்து. "சுத்தி வாணம் விடுவாக. நீ நடுவுல உக்காந்திருப்ப. ரெண்டு பக்கமும் நல்லா தடவி விட்டேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு கண் முன்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தது. அவளுக்கு வந்த கோபத்துக்கு அவரை அந்த மணலிலேயே புதைத்திருக்கலாம். ஆனால் தனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் ஒரு மனுஷன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வண்டிக்கு அடியில் ஊர்ந்திருக்கிறாரே என்று நினைத்ததும் சிரிப்பும் வந்து தொலைத்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

"பிரேக்குக்கு எண்ணெ தடவுன மொத ஆளு எங்க மச்சாந்தான்" என்றான் விக்னேஷ்குமார். "தட்டப் பெயிண்டு தின்னர் போட்டுத் தொடச்சிரலாம். எண்ணெ குடிச்ச பேடு இனி ஆகாது. சிவகாசி போய் வேற வாங்கியாரேன்." சொல்லும்போதே பைக்கை உதைத்துவிட்டான்.

பேடு வந்துவிடும். இன்னொரு வாய்ப்பு யார் தருவார்கள்? அதை யோசித்தபடி அவள் நிமிர்ந்தபோது மணிமுத்துவைக் காணவில்லை. நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்காத அந்த மனுஷன், டீக்கடையில் கமிட்டிக்கு நடுவில் போய் நின்றிருந்தார்.

"தப்பு அவ மேல இல்ல சித்தப்பா. நாந்தான் பொறிக்குப் பயந்து எண்ணெயத் தடவிட்டேன். சாயங்காலம் இன்னொருக்க விடுங்க. நடுச்சரிவுல வண்டிக்கு எதுக்க நான் நிக்கேன்."

ராக்கப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஊசிவெடிக்கே காதைப் பொத்துகிற ஆள். "நீயா நிக்கப் போற?" என்றார்.

"நாந்தான் நிக்கேன்."

"எண்ணெ போட்டவந்தான் நிக்கணும். சரி, வரச் சொல்லு."

புதுப் பேடு தட்டோடு பழகட்டும் என்று அவள் மெயின் ரோடுவரை மிதித்து மிதித்து ஓட்டிவிட்டு வருவதற்குள் சேதி ஊர் பூராவும் பரவியிருந்தது. காலையில் கமிட்டி மட்டும் வந்த இடத்துக்குச் சாயங்காலம் ஊரே வந்தது. பெண்கள் குடத்தோடு வந்தார்கள். பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி முதல் ஆளாகச் சக்கரத்தில் ஊற்றினாள். பின்னால் வரிசையாக ஊற்றினார்கள். தரை சேறாகிவிட்டது. நடுச்சரிவில் மணிமுத்து கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

எஞ்சினை அணைத்தாள். வண்டி உருண்டது. வண்டி நெருங்க நெருங்கக் கண்ணாடிக்கு முன்னால் அவர் உருவம் பெரிதானது. பாண்டிலட்சுமி பல்லைக் கடித்து ஏறி மிதித்தாள். தட்டு ஒரு முனகல் முனகியது. முன்னால் மூக்கு தாழ்ந்தது. வண்டி நின்றது. மணிமுத்து கண்ணைத் திறந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்ற பம்பரைத் தொட்டுப் பார்த்தார். பெண்கள் போட்ட குலவைச் சத்தம் கண்மாய்க்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். ராக்கப்பன் செல்போனை எடுத்து டிராக்டர்காரனைக் கூப்பிட்டு, வரவேண்டாம் என்றார்.

மறுநாள் அம்மன் மூக்கு வண்டியில் வந்தது. வீட்டுக்கு வீடு தண்ணீர், சரிவில் வாணம், தலைக்கு மேலே வானம் பச்சையும் சிவப்புமாகப் பூத்தது. முன்னால் ராக்கப்பன் நடந்தார், மேளக்காரர் தவிலை நிம்மதியாக அடித்தார். நடுச்சரிவில் ஆரத்திக்கு நிறுத்தினாள். போன வருஷம் நிறுத்த முடியாத அதே இடம். சப்பரம், அதைத் தாங்கிய வண்டி, அத்தனை பாரமும் அவள் வலது காலில் நின்றது. சீக்கிரம் முடித்துவிடுவார்கள் என்று நினைத்தாள். ஆனால் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டிய பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பம்பருக்கு முன்னாலேயே வந்து நின்று, சிரித்துக்கொண்டே சக்கரத்தில் ஊற்றினார்கள். வரிசை கண்மாய்க் கரைவரை நீண்டது. தொடை நடுங்கியது, முகத்தில் வியர்வை வழிந்தது. வண்டி நூல் அளவுகூட நகரவில்லை. இந்த ஊரில் தன்னைவிடச் சந்தோஷமான ஜீவன் இன்றைக்கு யாருமில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

ராக்கப்பன் ஜன்னலருகே வந்து எட்டிப் பார்த்தார். அவள் கால் நடுங்குவதைப் பார்த்துவிட்டார்.

"கால் வலிக்குதா தாயி? போதும்னு சொல்லிரவா?"

"வலிக்குது மாமா" என்றாள் பாண்டிலட்சுமி. "அவசரமில்ல. மெதுவா ஊத்தச் சொல்லுங்க."