மரைக்கார் வீட்டு மாப்பிள்ளையின் மரதன்

பள்ளிவாசல் நிர்வாகத்தில் எங்கள் குடிக்குத் தலைவனாக இருக்கிற மரைக்கார் நான்தான். எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வருகிறவர் தெருவில் கைவீசி நடப்பதைக்கூட நான் விரும்பமாட்டேன். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, என் மகள் முனவ்வறாவைக் கட்டி ஒரு மாதமும் ஆகாத மஜீட், பெருநாள் விளையாட்டுப் போட்டியில் மரதன் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறார் என்று கடைத்தெருவில் கேள்விப்பட்டதும், வாங்கிய மீனையும் மறந்து வீட்டுக்கு வந்தேன்.

"மருமகன், நிந்தவூரிலருந்து கல்முனை வரைக்கும் ரோட்டால ஓடப்போறீங்களாம்?"

"ஓம் மாமா."

"கட்டைக் காற்சட்டையோடயா?"

"முழங்காலுக்குக் கீழ வாறது மாமா. முனவ்வறாதான் தைச்சுத் தந்தா."

என் மகளும் கூட்டு!

மஜீட் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவர். உடனே தொடங்கிவிட்டார். கிரேக்க நாட்டில் மரதன் என்றொரு வெளியாம். பெருஞ்சீரகம் காடாக முளைத்த இடமாம். அந்தப் பாஷையில் மரதன் என்றாலே பெருஞ்சீரகம்தானாம். அங்கே பாரசீகப் படையை வென்ற செய்தியை ஒரு வீரன் ஏதென்ஸ் நகரம் வரை ஓடிப்போய்ச் சொன்னானாம்.

"சொல்லிப்போட்டு?"

"விழுந்து உசிர் போய் மௌத்தாயிட்டான் எண்டு கதை, மாமா."

என் மனைவி ஸாலிஹா அகப்பையோடு குசினியிலிருந்து வந்தாள். "பெருஞ்சீரகத்துக்கா இந்தப் பாடு? எங்கிட்டக் கேட்டா ஒரு போத்தல் தந்திருப்பனே!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"ஓடுறதெண்டா முடிக்கோணும் மருமகன். இடையில நிண்டா ஊர் நம்மளத்தான் கதைக்கும்."

போட்டியன்று விடிந்ததும் ஸாலிஹா சாப்பாடு வைத்தாள். புது மாப்பிள்ளையை வெறும் வயிற்றோடு படியிறங்க விடுவது எங்கள் வீட்டில் இல்லை. பாற்சோறு, கோழிக்கறி, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம். "போதும் மாமி" என்று மஜீட் கையை மறித்தார். வீட்டுக்குக் குறை வந்துவிடக் கூடாதே என்று, இன்னொரு துண்டு வட்டிலப்பம் வைக்கச் சொன்னவன் நான்தான்.

ஸாலிஹா என் கையில் ஒரு போத்தலைத் திணித்தாள். பெருஞ்சீரகம் அவித்த தண்ணீர். அதைக் குடைக்குள் மறைத்துக்கொண்டு கல்முனைக் கடைத்தெருவில் நின்றேன். ஓடியவர்கள் வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். மஜீட் மட்டும் இல்லை. சைக்கிளில் வந்த ஒருவன் கத்தினான்: "மரைக்கார் காக்கா, உங்கட மாப்பிள்ளை சாய்ந்தமருதில வயித்தப் பிடிச்சிக்கிட்டு குந்தியிரிக்கார்!"

"மாமிட வட்டிலப்பம் ஓடவிடுதில்லபோல!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மரைக்காரான பிறகு நான் ரோட்டில் அவசரமாக நடந்ததுகூட இல்லை. சாரனை மடித்துக் கட்டினேன். முழங்காலுக்கு மேலே போனதோ என்னவோ, குனிந்து பார்க்கவில்லை. ஓடினேன்.

மஜீட் ஒரு மதிலோரம் வளைந்துபோய் இருந்தார். போத்தலை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். கொஞ்சம் பொறுத்து ஓர் ஏப்பம் வந்தது. எதிர்க்கடைக்காரர் எட்டிப்பார்த்தார்.

"மாமா, நீங்க நிழலுக்குள்ள நில்லுங்க."

"கதையை விட்டுப்போட்டு ஓடுங்க. நான் பின்னால வாறன்."

கல்முனைக்குள் நாங்கள் நுழைந்தபோது சனம் கைதட்டிக்கொண்டு கூடவே வந்தது. மாடியொன்றில் நின்று முனவ்வறா துள்ளினாள். எல்லைக் கயிற்றடியில் நின்ற நடுவர், "மஜீட் மாஸ்டர்தான் கடைசி" என்று சிரித்தார்.

எனக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நிமிர்ந்து நின்றேன்.

"கண் தெரியல்லையா தம்பி? அவருக்குப் பின்னால நான் வந்தன். கடைசி நான்தான்."