கோட்டுக் காவல்

கிளைவ் ஆர்கைலுக்கு அறுபத்து மூன்று வயது. அதில் நாற்பது வருடங்களாகப் பிரெண்டா என்ற பெண்ணைக் கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். ‘பிரெண்டா, கதவைத் திற’ என்ற அந்தப் பாட்டு 1984-ல் தரவரிசையில் ஆறாவது இடம் வரை ஏறியது. அவருடைய வேறு எந்தப் பாட்டும் அறுபதாவது இடத்துக்கு மேலே வந்ததில்லை.

இப்போது அவருக்குச் சோறு போடுவது, கடற்கரை விடுமுறை முகாம்களில் நடக்கும் ‘எண்பதுகளின் வார இறுதி’கள். மழைக்காலத்தில் முகாமில் வேறு யாரும் தங்க மாட்டார்கள் என்பதால் அறைகள் மலிவு. ஐம்பதைத் தாண்டியவர்கள் தோள்பட்டையில் பஞ்சு வைத்த சட்டையும், காற்றடித்த ரப்பர் கிடாருமாக வந்து இறங்குவார்கள். ஒரு பாடகர், ஒரு ஹிட்டு, பிறகு அடுத்த பாடகர். ஒப்பந்தத்திலேயே ‘பழைய பாட்டு மட்டும்’ என்று தடித்த எழுத்தில் இருக்கும். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேடையில் ஒருவர் “இப்போ ஒரு புதுப் பாட்டு” என்று சொன்னால், கழிவறைக்குப் போக அனுமதி கிடைத்துவிட்டதாக இங்கிலாந்துக்காரர் எடுத்துக்கொள்வார்.

அதனால்தான் முகாம் நிகழ்ச்சிகளை நடத்தும் டோனி கிளெக் தானாகவே கூப்பிட்டுச் சொன்னபோது கிளைவ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“தலைவரே, இந்தத் தடவை மூணு புதுப் பாட்டு பாடுங்க. கடைசியில பிரெண்டாவ வெச்சுக்கலாம்.”

“மூணா?”

“நாலு இருந்தாலும் சந்தோசம்.”

கிளைவிடம் உண்மையில் இருந்தது ஒரே ஒரு பாட்டுதான். மற்ற இரண்டும் அதற்குத் துணைக்கு வந்தவை. அந்த ஒன்று, கிரிம்ஸ்பி மீன் துறைமுகத்தில் முப்பது வருடம் ஐஸ் உடைத்த தன் அப்பாவைப் பற்றி, ஒன்பது வருடமாக அடித்து அடித்து எழுதியது. எழுதியபின் ஒப்பந்தத்தை மீறி முகாம் மேடைகளில் ஆறு முறை பாடிப் பார்த்தார். ஆறு முறையும் கேட்டது காலி நாற்காலிகள். இந்த முறை ஒரு கூட்டமாவது உட்கார்ந்து கேட்கவில்லை என்றால் இனி பிரெண்டாவோடு மட்டும் குடும்பம் நடத்துவது என்று முடிவு செய்து, புதுச் சட்டை ஒன்று வாங்கினார்.

சனிக்கிழமை பிற்பகல், மேடையேறப் பத்து நிமிடம் இருக்கும்போது தண்ணீர் கேட்டு பாருக்குப் பின்னால் இருந்த வழியாகப் போனார். சுவரில் நிகழ்ச்சி நிரல் ஒட்டியிருந்தது. மேடைக்குப் பின்னால் ஒட்டியிருந்ததும் இதுவும் ஒன்றுதான். ஆனால் இதில் பார் ஆட்களுக்கென்று இன்னொரு பத்தி இருந்தது.

‘3.10 – கிளைவ், புதுசு. எல்லாரும் கவுன்ட்டருக்கு வரவும். இரண்டாவது விற்பனை ஜன்னலும் திறக்கவும். 3.25 – பிரெண்டா. ஜன்னலை மூடலாம்.’

இரண்டு முறை படித்தார். பிறகு டோனியைத் தேடிப் பிடித்தார். டோனி ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவலோடு நின்றிருந்தான்.

“நான் பாடுறப்ப ஜன்னல் தொறக்கணுமாமே?”

டோனிக்கு வெட்கம் என்ற பழக்கம் கிடையாது. “அட, அதப் பாத்துட்டீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க தலைவரே. முன்னாடி பார் வியாபாரத்துக்காக இடைவேளைன்னு சொல்லி விட்டேன். ஜனங்க ரூமுக்குப் போய்ப் படுத்துட்டாங்க. உங்க புதுப் பாட்டுன்னா பாருங்க, நிம்மதியா எந்திரிச்சுப் போறாங்க, பிரெண்டாவுக்குன்னு கரெக்டா திரும்பி வர்றாங்க. இந்த வேலைய உங்கள மாதிரி யாரும் செய்ய மாட்டாங்க.”

“வேற யாரையாச்சும் கேட்டுப் பாத்தியா?”

“கேட்டேன். அவங்க புதுப் பாட்டு கொஞ்சம் நல்லா இருந்துச்சு. பாதிப் பேர் உக்காந்துட்டாங்க.”

கிளைவ் மேடையேறினார். எதிரே அறுநூறு பேர். அவர்களுக்குப் பின்னால் பாரின் இரண்டாவது ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. பார் ஆட்கள் ஆறு பேர் கையும் துண்டுமாக வரிசையில் நின்றார்கள். முன்னால் இருந்தவர்களில் பலர் ஏற்கெனவே நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்கள்.

அவர் பிரெண்டாவை முதலில் பாடினார்.

ரப்பர் கிடார்கள் வானத்துக்குப் போயின. அறுநூறு பேரும் காற்றில் கதவைத் தட்டினார்கள். பார் ஆட்கள் துண்டை வைத்துக்கொண்டு விழித்தார்கள். நாற்பது வருடத்தில் முதல்முறையாகக் கிளைவ் அந்தப் பாட்டை ரசித்துப் பாடினார். கைதட்டல் ஓய்வதற்குள், கூட்டம் சுதாரித்துக்கொள்வதற்குள், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், அப்பாவின் பாட்டைத் தொடங்கினார்.

நான்கு வரிதான். புதுசு என்று புரிந்துவிட்டது. பிரெண்டாவும் முடிந்துவிட்டதால் திரும்பி வர அவசரமும் இல்லை. மொத்தக் கூட்டமும் ஒன்றாக எழுந்தது.

மிச்சமிருந்தவர்கள் மேசைக்கு ஒருவர். இந்த ஊரில் எட்டு பேர் பாருக்குப் போனால் ஒருவர் கோட்டுகளுக்குக் காவல் இருப்பார். அது எழுதாத சட்டம். முதல் மேசையில் காவல் இருந்தவள் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருத்தி. மடியில் கோட்டுகள் தாடை வரை குவிந்திருந்தன. அவள் கண்ணை எடுக்காமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளைவ் மீதிப் பாட்டை அவளுக்குப் பாடினார். ஐஸில் மரத்துப்போன விரல்களால் அப்பா தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும் வரி வந்தபோது அவள் ஒரு கோட்டின் கையால் கண்ணைத் துடைத்தாள். யாருடைய கோட்டோ.

இறங்கியதும் டோனி ஓடிவந்தான்.

“தலைவரே, என்ன மூளை உங்களுக்கு. பாருல நிக்க எடமில்ல. அடுத்த வருஷமும் இதேதான்: பிரெண்டா மொதல்ல, அப்புறம் புதுசு அரை மணி நேரம். சரியா?”

கிளைவ் நேராக முதல் மேசைக்குப் போனார். ஒரே ஒரு ஆளாவது உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

“நீங்க எந்திரிச்சுப் போகலியே?”

“இடுப்பு செரியில்ல கண்ணு. ஆனா அந்தக் கடைசிப் பாட்டு… மனச என்னவோ பண்ணிருச்சு. எங்கண்ணனும் துறைமுகத்துலதான் கெடந்தான்.”

ஒன்பது வருடம் இதற்குத்தான்.

“யாரு பாட்டு அது?” என்று கேட்டாள்.

“என்னோடது.”

அவள் சிரித்தாள். “விளையாடாத. நெஜமா யாரோடது?”

“நான்தாங்க எழுதினேன்.”

“நீ பிரெண்டா பாட்டுக்காரன்ல?” என்றாள், குழந்தையிடம் பேசுகிற பொறுமையோடு. “சொல்லு கண்ணு, எம் பொண்ணுகிட்டச் சொல்லி ஒரிஜினல வாங்கிக்கறேன்.”

பாரிலிருந்து ஜனங்கள் கண்ணாடிக் கோப்பைகளோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“பழைய ஆளு ஒருத்தரு,” என்றார் கிளைவ். “செத்துட்டாரு.”

“அதானே பாத்தேன்,” என்று அவள் திருப்தியாகத் தலையாட்டி, சரிந்த கோட்டுகளை மடியில் நேராக்கினாள்.