பச்சை விளக்கு எரிகிறது, பெயரைக் காணோம்

நாற்பது வருடம் தோட்டத்து மருந்துச்சாலையில் டிஸ்பென்சராக இருந்தவன் நான். பேசத் தெரியாத கைக்குழந்தைக்குக்கூட எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவேன். அந்த இன்டர்நெட் பெட்டிதான் அன்று காலை என் உயிரை வாங்கியது.

2008இல் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் ஒரே மகன் இஞ்ஞாசிக்குக் குவைத்தில் கல்யாணம். மாப்பிள்ளை கோயிலுக்குப் புறப்படும் முன் தாய் தகப்பன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவது எங்கள் குடும்ப வழக்கம். இலங்கையில், உக்குவளையில் இருந்துகொண்டு எப்படிப் போடுவது? அதற்காகவே அவன் ஒரு லெப்டொப் வாங்கி, லீவில் வந்த கூட்டாளியிடம் கொடுத்தனுப்பியிருந்தான். அது முந்தின நாள்தான் வந்து சேர்ந்தது. நம் நேரம் பதினொரு மணி வரை அறையில் காத்திருப்பான். அதற்குப் பிறகு கார் நிற்காது.

மணி பத்தேகால். லெப்டொப்பைத் திறந்தால், நெட்வொர்க் எதுவுமே இல்லை என்கிறது. பெட்டியிலோ நாலு பச்சை விளக்கும் ஜம்மென்று எரிகிறது! மூன்று வாரத்துக்கு முன் அதை மாட்டிக் கொடுத்த, மாத்தளையில் கடை வைத்திருக்கும் நுஹ்மானுக்கு ஃபோன் போட்டேன்.

"லெப்டொப் ஓரத்துல சின்னதா ஒரு சுவிட்ச் இருக்கும் ஐயா, தள்ளிப் பாருங்க."

தள்ளினேன். இல்லை.

"பெட்டிய அணைச்சு, பத்து எண்ணிட்டுப் போடுங்க."

இருபதே எண்ணினேன். இல்லை.

"அப்ப பெட்டி வயர லெப்டொப்புல குத்திருங்களேன்."

"வயர எலி கடிச்சிருச்சுடா!"

தலைகீழாக நின்று பார்த்தாயிற்று. மணி பத்தே முக்கால். என் மனைவி லூசியா கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். நல்ல நாள் என்றுகூடப் பார்க்காமல் அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

"ஏன் மரம் மாதிரி நிக்கிற? மாதாவ வேண்டிக்கவாவது செய்!"

அப்போதுதான் நுஹ்மான் கேட்டான். "ஐயா, பெட்டிக்கு வச்ச வைஃபை பேர யாராச்சும் மறைச்சு வச்சீங்களா?"

"யாருடா மறைக்கிறது? வீட்ல நாங்க ரெண்டே பேருதான்."

லூசியா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தாங்க."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

"எதிர்வீட்டு ஸரீனா சொன்னா. அவ கம்பியூட்டர்ல 'இஞ்ஞாசி'ன்னு நம்ம பேரு தெரியுதாம். ரோட்டுல யாரு கம்பியூட்டரத் தொறந்தாலும் தெரியுமாம். அவளயே கம்பியூட்டரத் தூக்கிட்டு வந்து மறைக்கச் சொன்னேன்."

பெட்டிக்கு மகன் பெயரைப் பெருமையாக வைக்கச் சொன்னவன் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன், யுத்தக் கெடுபிடியில், அடையாள அட்டையில் அதே தமிழ்ப் பெயரைப் பார்த்துத்தான் ஆமிக்காரர்கள் அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பதினோரு நாள் வைத்திருந்தார்கள். வெளியே வந்த கையோடு குவைத்துக்கு அனுப்பினோம். அன்றிலிருந்து ஃபோனில்கூட லூசியாவுக்கு அவன் 'தம்பி'தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"ரோட்டுக்குத்தாங்க மறைச்சேன். நம்ம வீட்டுக்கும் மறைஞ்சு போகும்னு நான் கண்டேனா?"

எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் கொட்டுவது என்றே தெரியவில்லை. இவள்மேலும் கொட்ட முடியவில்லை.

"பரவால்ல ஐயா, பேர நாமளே அடிச்சா வந்துரும்" என்றான் நுஹ்மான். அவன் எழுத்தெழுத்தாகச் சொல்ல, நான் அதைத் திருப்பிக் கத்திக்கொண்டே ஒற்றை விரலால் அடித்தேன். லூசியா எழுந்து போய் ரோட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.

பதினொன்றுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது மகன் தெரிந்தான். கோட் போட்டு, பூ குத்தியிருந்தான்.

"எங்கப்பா போனீங்க? கார் வந்து நிக்குது!" என்று சொல்லிக்கொண்டே மண்டியிட்டான்.

லூசியா கண்ணாடித் திரையில், அவன் நெற்றி தெரிந்த இடத்தில், பெருவிரலால் சிலுவை போட்டாள். உதடு அசைந்தது.

"சத்தம் கேக்கலம்மா."

இனி இது வேறயா என்று நான் பதறிப்போய் மைக்கைத் தட்டினேன். மைக்கில் ஒரு கோளாறும் இல்லை. லூசியா சாத்திய ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு, எதிர்வீடு வரைக்கும் கேட்கும்படி, "இஞ்ஞாசி!" என்று மகனைக் கூப்பிட்டாள்.