பச்சைக் கோடு போட்ட திரைச்சீலை

"எங்கம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்க சார்."

கேட்டேவிட்டேன். சிறை சூப்பிரண்டு அறைக்குள் போனால் எதை வேண்டுமானாலும் கேள், உட்கார மட்டும் கேட்காதே என்று எனக்கு ஏழு வயதிலிருந்து அம்மா சொல்லி வைத்திருந்தாள். அந்த அறையில் ஐந்து நாற்காலிகள். ஒன்றில் சூப்பிரண்டு. மற்ற நான்கும் சுவரோரம் தூசி வாங்கிக்கொண்டிருந்தன. வார்டர் வீட்டுக்காரர்களும் சமையல்கட்டு ஆட்களும் துணி அறை ஆட்களும் அங்கே நின்றுதான் பேச வேண்டும். எந்த விதியிலும் அப்படி எழுதவில்லை. எழுதியிருந்தால் படித்துப் பார்த்துச் சண்டையாவது போட்டிருப்பேன்.

அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "நிக்கத்தான் கால் இருக்கு. வாயை மூடிட்டு இருடி."

மூன்று மாதம் முன்னால் மாற்றலாகி வந்த சூப்பிரண்டு தலைமை எழுத்தரைப் பார்த்தார். பதில் சொல்ல விரும்பாத நேரத்தில் எல்லாம் அந்த எழுத்தருக்கு இருமல் வரும். குடியிருப்பில் அவர் பெயரே இருமல்தான். இப்போதும் இருமினார். நாற்காலி வரவில்லை.

எங்கள் வீடு சிறையின் வெளிச்சுவரில் முதுகைச் சாய்த்து நின்ற பன்னிரண்டு வீடுகளில் கடைசி. ஊரிலேயே இரண்டு இடத்தில்தான் தொலைபேசி இருந்த காலம் அது. அதில் ஒன்று எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது; எங்களுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. மணிதான் எங்களை மேய்த்தது. காலையில் கைதிகளை எண்ணி, கணக்கு ஒத்துப்போனால் மூன்று முறை அடிப்பார்கள். அதுவரைக்கும் குடியிருப்பின் வாசலும் திறக்காது. தாமதமாகப் பள்ளிக்கூடம் போய் நின்றால், "என்ன, இன்னைக்கு ஒருத்தன் குறைஞ்சானா?" என்பார் வாத்தியார். வகுப்பே சிரிக்கும். ஒருத்தனும் குறைந்திருக்க மாட்டான். எண்ணுகிறவர் நடுவில் கொட்டாவி விட்டிருப்பார்.

அப்பா வார்டராக இருந்து, எனக்கு நான்கு வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அம்மாவுக்குத் துணி அறையில் வேலை கொடுத்தார்கள். கைதி உள்ளே வரும்போது போட்டிருந்த சொந்த உடையை மூட்டையாகக் கட்டி, எண் அடித்த தகரத் தகட்டைக் கோத்து, அலமாரியில் வைக்க வேண்டும். விடுதலையாகும் நாளில் எடுத்துக் கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். நானாக இருந்தால் அவ்வளவுதான் செய்திருப்பேன்.

அம்மாவின் வேலைமுறையே வேறு. காலையில் எண்ணிக்கைக்காக வரிசை நிற்கும்போது துணி அறை ஜன்னலில் நின்று ஒவ்வொரு தோளாகப் பார்ப்பாள். ஆளுக்கு ஒரு நூல். இளைத்திருந்தால் ஒரு முடிச்சு, பருத்திருந்தால் இரண்டு, உயர்ந்திருந்தால் நூலின் கடைசியில் ஒரு கண்ணி. எழுதப் படிக்கத் தெரியாதவளின் பேரேடு அது. ஒருவர் வெளியே போக ஒரு மாதம் இருக்கும்போது மூட்டையைப் பிரித்து, துவைத்து, பூச்சி அரித்த இடத்துக்கு ஒட்டுப் போட்டு, நூல் சொல்கிற அளவுக்குப் பிடித்தோ விட்டோ தைத்துவிடுவாள்.

"யாரும்மா இதைச் செய்யச் சொன்னாங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தொளதொளன்னு ஒரு சட்டையோட ஒருத்தன் தெருவுல இறங்கினா, எங்கேர்ந்து வர்றான்னு டீக்கடைக்காரன் கண்டுபிடிச்சுடுவான். சரியான சட்டையோட போனா அஞ்சு நிமிஷமாவது மனுஷனா நடப்பான்ல?"

எனக்குக் கோபம் வந்தது. அவளுடைய சொந்த ரவிக்கையின் கிழிசலில் ஊக்கு இரண்டு மாதமாகக் குத்தியே இருந்தது, தைக்க நேரமில்லை. அந்த ஊசிக்காரிதான் என்னைப் பட்டப்படிப்பு வரைக்கும் தள்ளிவிட்டாள். பன்னிரண்டு வீட்டிலும் முதல் பட்டம் என்னுடையது.

அன்று அந்த அறையில் எங்களோடு இன்னொருத்தியும் நின்றாள். அச்சுக்காரி. பதினாறு வயதில் பெண்கள் பகுதிக் கைதியாக உள்ளே வந்தவள். அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் துண்டுப் பிரசுரத்துக்கு எழுத்துக் கோத்தாள். அதை எழுதிய மனிதர் மூன்று வருடத்தில் வெளியே வந்து மாலை வாங்கிக்கொண்டார். இவளுக்கு ஒன்பது வருடம், கூட இருந்தவர்கள் பெயரைச் சொல்லாததால். அன்று காலை அவளுக்கு விடுதலை.

ஒன்பது வருடத்தில் அவள் உயரமும் அகலமுமாக வளர்ந்திருந்தாள். மூட்டையில் இருந்ததோ சின்னப் பெண்ணின் பாவாடையும் சட்டையும். எவ்வளவு விட்டுத் தைத்தாலும் போதவில்லை. அம்மா ஒரு துணி கண்டுபிடித்தாள். பழைய சூப்பிரண்டு வளர்த்த பூனை அவர் அறைத் திரைச்சீலை ஒன்றைக் கிழித்து வைத்தது. தரை துடைக்க ஆகும் என்று அதைத் துணி அறைக்குத் தூக்கிப் போட்டிருந்தார்கள். பச்சைக் கோடு போட்ட நல்ல கெட்டித் துணி. பாவாடைக்குக் கீழே ஒரு சுற்று, பக்கத்துக்கு ஒரு பட்டை, சட்டைக்கு நீளக் கை. பார்த்தால் கடையில் வாங்கினது போலவே இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தை அம்மா மறந்துவிட்டாள். அதன் ஜோடி இன்னும் சூப்பிரண்டின் முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் உடையைச் சரிபார்த்தபோது சூப்பிரண்டு அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தார். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். 'திரைச்சீலை, இரண்டு' என்று இருந்தது. பூனையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்; நானும் ஒட்டிக்கொண்டு வந்தேன்.

"ரெண்டே வழி," என்றார் இப்போது. "அரசாங்கச் சொத்தைத் திருடினேன்னு இதுல ரேகை வைக்கணும். அப்ப துணிக்குப் பொறுப்பாளி கிடைச்சாச்சு, இந்தப் பொண்ணு இதோடயே போகலாம். அறிக்கை மேலிடம் போகும், உன் வேலையை அவங்க முடிவு பண்ணுவாங்க. இல்லேன்னா இங்கேயே பிரிச்சுக் கொடுத்துடு. நான் எதையும் பார்க்கல."

"பிரிச்சா அவ எதைப் போட்டுக்கிட்டுப் போவா?" என்றேன்.

"உறவுக்காரங்க துணி கொண்டுவர்ற வரைக்கும் உள்ள இருக்கட்டும். சிறை உடையோட அனுப்ப முடியாது."

அச்சுக்காரிக்கு உறவென்று யாரும் இல்லை. அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். இருமல் இருமினார்.

"நான் ரேகை வெக்கிறேன் ஐயா," என்றாள் அம்மா, உடனே.

சூப்பிரண்டு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். என் பெயருக்கான வேலை உத்தரவு. இதே அலுவலகத்தில் எழுத்தர் வேலை. இந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்காரப்போகும் முதல் பெண். கையெழுத்தெல்லாம் ஆகியிருந்தது. "திருடியோட பொண்ணுக்கு இதை எப்படிக் கொடுக்கிறது? யோசிச்சுக்கோ."

அம்மா அந்தக் காகிதத்தையே பார்த்தாள். அவளால் அதில் ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியாது, ஆனால் அதில் என்ன இருக்கிறதென்று தெரியும். பதினேழு வருடமாக அதற்காகத்தான் ஊசி பிடித்தாள். மெதுவாக இடுப்பிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

அச்சுக்காரி ஒரு அடி முன்னால் வந்து பாவாடையின் ஓரத்தை அவளிடம் நீட்டினாள். "பிரிச்சுக்கோங்கக்கா. ஒன்பது வருஷம் இருந்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள் இருந்தா தேய்ஞ்சா போயிடுவேன்?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மா குனிந்து ஓரத்தைப் பிடித்தாள். கத்தரிக்கோலின் முனை தையலைத் தொட்டது. அங்கேயே நான் முடிவு செய்துவிட்டேன். பிறகு பேசியதெல்லாம் அதை வெளியே சொன்னதுதான்.

"அம்மா, அதைக் கீழ வை." மேசையருகே போய் உத்தரவைச் சூப்பிரண்டு பக்கம் நகர்த்தினேன். "எனக்கு இந்த வேலை வேண்டாம் சார். நீங்க அறிக்கையை எழுதுங்க. பூனையையும் சேர்த்து எழுதுங்க."

"கிறுக்கி," என்றாள் அம்மா. "உன்னை எதுக்குடி படிக்க வெச்சேன்?"

"இந்த ஊர்ல வேற ஆபீஸே இல்லையா? வேலை எனக்குத் தேடிக்கத் தெரியும். நீ தைச்சதை நீயே பிரிக்கிறதை நின்னு பார்க்கத் தெரியாது."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டைவிரலை நீட்டினாள். "மையைக் கொண்டாங்க ஐயா."

"அறிக்கை போய்த் திரும்பி வர ஆறு மாசம் ஆகும்," என்றார் இருமல், சுவரைப் பார்த்து, இருமாமல். "பூனை கிழிச்சப்ப நானும் இருந்தேன். சாட்சிக்கு என் பேரையும் போட்டுக்கலாம்."

சூப்பிரண்டு மைப்பெட்டியை மேசையில் வைத்தார்.

அச்சுக்காரி சுவரோரம் போய் ஒரு நாற்காலியைத் தரதரவென்று இழுத்துவந்து அம்மாவுக்குப் பின்னால் போட்டாள். "உக்காருங்கக்கா. நின்னுக்கிட்டு வெச்சா ரேகை கலைஞ்சிடும். நான் அச்சுக்காரி, எனக்குத் தெரியும்."

அம்மா உட்கார்ந்தாள். விளிம்பில் இல்லை, முதுகு சாயும் அளவுக்கு நன்றாகவே. முன்னால் திரைச்சீலை, பின்னால் பாவாடை என்று இரண்டு பச்சைக் கோடுகளுக்கு நடுவே, சூப்பிரண்டுக்கு நேர் எதிரே, பெரிய ஆபீசர் மாதிரி இருந்தாள்.

அம்மா ரேகை வைத்ததும் நான் வெளியே நடந்தேன். பெரிய கதவுக்குள் இருந்த சின்னக் கதவைத் திறந்த காவல்காரர், "என்ன, வேலை கிடைச்சுதா?" என்று கேட்டார்.

"கிடைச்சுது. வேண்டாம்னுட்டேன்," என்று சொல்லி, குனிந்து, தெருவில் இறங்கினேன்.