ஏழாவது திருத்தம்

கம்பெனியில் அவளுக்குக் கமா அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் காதுக்கு எட்டாமலும் இல்லை. மருத்துவமனைகளில் கத்தி, கத்தரிக்கோல்களை நீராவியில் சுத்தம் செய்யும் 'ஸ்டெரிலைசர்' இயந்திரங்கள் தயாரிக்கிற தொழிற்சாலை அது. அங்கிருந்து வெளியே போகிற ஆங்கிலக் கடிதம், கையேடு எல்லாவற்றையும் படித்துப் பிழை திருத்துவது அவள் வேலை. ஒன்பது வருடமாகத் திருத்துகிறாள். எழுதுகிறவர்கள்தான் திருந்தியபாடில்லை.

'ரிவர்ட் பேக்' என்று எழுதாதீர்கள், 'ரிப்ளை' என்றால் போதும் என்று சொல்லிச் சொல்லி அவள் வாய் வலித்துவிட்டது. 'டிஸ்கஸ் அபவுட்'டில் அந்த 'அபவுட்' எதற்கு என்று கேட்டும் அலுத்துவிட்டது. விற்பனைப் பிரிவில் ஒருவர் தொலைபேசியை எடுத்ததும் 'மைசெல்ஃப்' என்று ஆரம்பித்துத் தன் பெயரைச் சொல்லும்போது, சோற்றில் கல் கடித்தது போல அவளுக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். வீட்டிலும் இதே கதைதான். கணவர் யாரிடமோ பேசும்போது 'ஐ டிடின்ட் வென்ட்' என்றால், அடுத்த அறையிலிருந்து "கோ" என்று குரல் கொடுப்பாள். "எங்க போகணும்?" என்று அவர் கேட்பார்.

அந்த வாரம் புது மாடல் இயந்திரம் வெளியே போகத் தயாராக இருந்தது. அதன் மூடிமேல் ஒட்டுகிற எச்சரிக்கை ஸ்டிக்கருக்கு மேலாளரே வாசகம் எழுதி அனுப்பினார். அவள் வழக்கம் போலச் சிவப்பு மையால் கோடு போட்டு, பதினொரு திருத்தங்களை வரிசை எண் போட்டு எழுதி அவர் மேஜையில் வைத்தாள். முதல் திருத்தம், 'கைண்ட்லி', 'ப்ளீஸ்' இரண்டில் ஒன்று போதும் என்பது. இரண்டாவது ஒரு கமா. மேலாளர் அந்த இரண்டோடு படிப்பதை நிறுத்திக்கொண்டார்.

ஸ்டிக்கர்கள் மூன்றாம் நாளே அச்சாகி நேரே தயாரிப்புக் கூடத்துக்குப் போய்விட்டன. இரண்டு வாரம் கழித்துத்தான் ஒன்று அவள் கண்ணில் பட்டது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. அவள் அதை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சார், இதுல ஏழாவது திருத்தம் ரொம்ப முக்கியம். அதைப் பாத்தீங்களா?"

"ஏம்மா, உனக்கு எது முக்கியமில்ல? போன மாசம் ஒரு புள்ளிக்காகக் கடிதத்தையே நிறுத்தி வெச்சே. தினமும் புலி வருது, புலி வருதுன்னா யார் ஓடி வருவாங்க?"

"இது புள்ளி இல்ல சார். 'டூ நாட் ஓப்பன் த லிட் அன்டில் த நீடில் இஸ் நாட் அட் ஸீரோ'ன்னு போட்டிருக்கு. அந்த ரெண்டாவது 'நாட்' இருக்கக் கூடாது."

மேலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "தமிழ்ல சொல்லிப் பாரு. அழுத்தம் காட்டுற முள்ளு பூஜ்யத்துக்கு வராத வரைக்கும் மூடியைத் திறக்காதே. எங்க தப்பு?"

"தமிழ்ல சரிதான் சார். இங்கிலீஷ்ல அது தலைகீழா ஆயிடுது. முள்ளு பூஜ்யத்தை விட்டு ஏறுற வரைக்கும் திறக்காதே, ஏறினதும் திறன்னு அர்த்தம். உள்ள நீராவி இருக்கும் சார்."

"படிக்கறவனுக்குப் புரியும்மா. நாற்பது மிஷின் ஏற்கெனவே போயாச்சு. நீ போய் வேலையைப் பாரு."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்மேல் பாதி, தன்மேல் பாதி. உயிர் போகிற விஷயத்தைக் கமாவுக்கும் 'கைண்ட்லி'க்கும் கீழே ஏழாவதாக எழுதி வைத்தது யார்? அதைத் தனித்தாளில், கொட்டை எழுத்தில் எழுதியிருக்க வேண்டாமா?

இடத்துக்குத் திரும்பாமல் படியிறங்கித் தயாரிப்புக் கூடத்துக்குப் போனாள். அங்கே ஃபோர்மேன் கையுறை போட்டுக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றீங்க, அவர் இல்லேங்கறார். நான் எதை நம்பறது?" என்றார். பிறகு யோசித்தார். "நம்ம பேச்சு தெரியாத ஆள் படிச்சா என்ன பண்ணும்னு பாத்துடலாமா?"

சோதனை அறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி இருந்தாள். வேறு நாட்டுக்காரி; தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எல்லோரோடும் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். ஃபோர்மேன் ஒரு ஸ்டிக்கரை அவளிடம் நீட்டி, மூடியை எப்போது திறக்க வேண்டும் என்று சைகையும் ஆங்கிலமுமாகக் கேட்டார். அவள் ஒருமுறை படித்தாள். புருவத்தைச் சுருக்கி மறுபடி படித்தாள். பிறகு, ஓடாமல் ஆறிக் கிடந்த இயந்திரம் ஒன்றின் முன்னால் போய் நின்று, பூஜ்யத்தில் இருந்த முள்ளைக் காட்டித் தலையாட்டி மறுத்தாள். விரலால் முள் மேலே ஏறுவது போலக் காட்டினாள். ஏறியதும் கைப்பிடியைப் பிடித்து மூடியைத் திறந்தாள்.

ஃபோர்மேன் கையுறையைக் கழற்றினார். "யாரும் இனி ஒட்டாதீங்கப்பா," என்று கூடத்துக்கே கேட்கும்படி சொன்னார்.

வேலை நின்றதென்று கேள்விப்பட்டு மேலாளர் கீழே வந்தார். வரும்போது முகம் கடுகடுவென்று இருந்தது. அந்தப் பெண் அவர் முன்னாலும் அதையே செய்து காட்டினாள். அவர் திறந்து கிடந்த மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதை ஏன் முதல்லயே சொல்லல?" என்றார், திருத்தம் எழுதியவளிடம் திரும்பி.

"சொன்னேன் சார்."

"சொல்ற மாதிரி சொல்லணும்."

வெளியே போய்விட்ட நாற்பது இயந்திரங்களுக்கும் யார் போன் செய்வது என்று பேச்சு வந்தபோது, எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

மத்தியானம் முழுக்க போன் செய்தாள். ஓர் இடத்தில், "எந்த ஸ்டிக்கர்?" என்றார்கள். இன்னோர் இடத்தில் அதன்மேல் காகிதம் ஒட்டி வேலை நேரம் எழுதி வைத்திருந்தார்கள். "அதையெல்லாம் யாருங்க படிக்கறாங்க?" என்று ஒரு வார்டு பையன் சிரித்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதில் அவளுக்கு உயிர் வந்தது. யாருமே படிக்கவில்லை என்பதில் எரிச்சலும் வந்தது. படிக்காத ஊருக்கு எழுதி, அதை உட்கார்ந்து திருத்தி, அதற்காகச் சண்டையும் போட்டாயிற்று.

இருபத்தாறாவது போனில் ஒரு நர்ஸ் பேசினார்.

"நாங்க அந்த மிஷினை இன்னும் தொடவே இல்லைங்க. எழுதியிருக்கறது தப்பாப் பட்டுது. உங்களுக்கு ரெண்டு மெயில் போட்டேன், பதிலே இல்ல."

"நல்ல காரியம் பண்ணீங்க சிஸ்டர். நீங்க ஒருத்தர்தான் படிச்சிருக்கீங்க. புது ஸ்டிக்கர் இப்பத்தான் அச்சாகுது, நாளைக்கு வந்துடும்."

"அதுல தலைப்பையும் சரி பண்ணிட்டீங்களா?"

"தலைப்புல என்ன?"

"ஸ்டெரிலைசர்ங்கற வார்த்தையில ஒரு எழுத்து விட்டுப்போச்சே. அவ்வளவு பெரிசா போட்டிருக்கீங்க, கண்ணுல படலியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. அது ஒரு எழுத்துதானே, அர்த்தம் ஒன்றும் மாறவில்லையே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேஜைமேல் கிடந்த ஸ்டிக்கரைத் திருப்பிப் பார்த்தாள். விட்டுத்தான் போயிருந்தது. பதினொரு திருத்தம் எழுதியவள் கண்ணில் அது படவே இல்லை.

"பாத்துட்டேன் சிஸ்டர். தேங்க்ஸ்," என்று கொஞ்சம் விறைப்பாகவே சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு அச்சகத்தின் எண்ணைத் தேடி எடுத்தாள்.

"அச்சடிக்கறதை நிறுத்துங்க. ஒரு எழுத்து மாறணும்."

"மறுபடியுமா மேடம்?" என்றார் அச்சகக்காரர்.

"மறுபடியும்தான்," என்றாள்.