உளறலில் நூற்றுக்கு நூறு

கோட்டு போட்டு யார் வந்தாலும் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை எழுந்து நின்றுவிடுவார். அப்படித்தான் வாசிப்பு ஆலோசகர் உள்ளே நுழைந்தார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் பச்சை மையால் வட்டம் போட்டே திருப்பித் தருவார் என்பதால், ஒரே வாரத்தில் ஆசிரியர்கள் அவருக்குப் பச்சை மை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தவள் தலைமை ஆசிரியையின் தம்பி மனைவி. பிள்ளைகள் அவளை முகத்துக்கு நேரே மிஸ் என்றும், முதுகுக்குப் பின்னால் மிளகாய் என்றும் சொல்வார்கள். பள்ளி குடும்பத்துச் சொத்து. தலைமை ஆசிரியை அவளுக்கு வீட்டில் ‘அண்ணி’, பள்ளியில் ‘மேடம்’. வாய் தவறி மாற்றிக் கூப்பிட்டுவிட்டால் இரண்டு இடத்திலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

பச்சை மை ஒரு தேர்வோடு வந்திருந்தார். அதில் இருந்தவை எந்த அகராதியிலும் இல்லாத, அவரே உண்டாக்கிய ஆங்கிலச் சொற்கள்.

“‘கேட்’னு எழுதினா, பார்த்த ஞாபகத்துல குழந்தை ‘பூனை’னு சொல்லிடும். ‘நெஸ்க்’னு எழுதினா? ஒவ்வொரு எழுத்தோட ஒலியையும் கூட்டித்தானே ஆகணும்? அப்பதான் நிஜமாவே வாசிக்கத் தெரியுமான்னு நமக்குப் புரியும்.”

அதில் தப்பில்லை என்று மிளகாய்க்கும் தெரியும். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் வேண்டும்தான். அந்தத் தெர்மாமீட்டரையே மூன்று வேளையும் மருந்தாகக் கொடுக்கச் சொல்வார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

முதல் தேர்வில் வகுப்பிலேயே நன்றாக வாசிக்கும் பெண் தோற்றுப்போனாள். எல்லாரும் குருவி என்று கூப்பிடும் சின்ன உருவம். கதைப் புத்தகம் கிடைத்தால் சோற்றை மறந்துவிடுவாள். ‘ஸ்ட்ராம்’ என்று இருந்ததை அவள் ‘ஸ்டார்ம்’ என்று வாசித்தாள். புயல்.

“ரெண்டு எழுத்து இடம் மாறிப்போச்சு சார். யாரோ தப்பா அச்சடிச்சிருக்காங்க” என்று அவருக்கு உதவி வேறு செய்தாள்.

பச்சை வட்டம் விழுந்தது. குருவி ‘பின்தங்கியோர்’ வரிசைக்குப் போனாள். எதை நீட்டினாலும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, என்ன வாசித்தோம் என்று கேட்டால் விழிக்கும் ஒரு பையன் நூற்றுக்கு நூறு வாங்கி முதலிடம் பிடித்தான்.

மிளகாய் அலுவலக அறைக்குப் போனாள்.

“குருவி வாசிக்கிற பிள்ளை சார். அவ அர்த்தம் தேடியிருக்கா, அவ்வளவுதான்.”

“பிரச்சினையே அதுதான் மேடம்.”

“அர்த்தம் தேடறதா?”

“இந்தக் கட்டத்துல, ஆமா.”

அவள் அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணி அதையும் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தேர்வில் பள்ளிக்கு நூற்றுக்கு நூறு வேண்டும் என்று உத்தரவு வந்தது. நடைபாதைச் சுவரில் இருந்த பிள்ளைகளின் ஓவியங்களைக் கழற்றிவிட்டு ‘நெஸ்க்’, ‘ஃபிம்ப்’, ‘ஸ்ட்ராம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினார்கள். காலைக் கூட்டத்தில் அவற்றை ராகம் போட்டுப் பாடினார்கள். வீட்டுப்பாடம், ‘ஃபிம்ப்’ இருபது முறை.

கழுத்தில் அளவு நாடா தொங்க, ஒரு தையல்காரர் மகனின் நோட்டோடு வந்து நின்றார்.

“மேடம், டிக்‌ஷனரியைப் புரட்டிப் புரட்டி விரல் தேஞ்சுபோச்சு. இதுக்கு என்ன அர்த்தம்?”

“அர்த்தம் கிடையாதுங்க. அதுதான் இதோட விசேஷம்” என்றார் தலைமை ஆசிரியை பெருமையாக.

“அர்த்தமில்லாமப் பேச எங்க வீட்டுலயே ஆள் இருக்கே மேடம்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது மிளகாயின் கணவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: “அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போயேன். எதுக்கு வம்பு?”

“உங்க அக்கா சொல்றதுல அர்த்தம் தேடக் கூடாதுன்னு இப்பதாங்க பயிற்சி எடுத்துட்டு வர்றேன்.”

அவன் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

பெரியவர்கள் அர்த்தத்தைத் துரத்திவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு சொல்லை இருபது முறை எழுத வைத்தால், அதை எதற்காவது பயன்படுத்தாமல் அவர்கள் விடுவார்களா? டீச்சரிடம் போட்டுக் கொடுப்பவன் ‘நெஸ்க்’ ஆனான். ‘ஃபிம்ப்’ என்ற ஒலியைக் கேட்டதுமே எவனோ சிரித்திருக்கிறான். வகுப்பில் யாருக்காவது வயிற்றுக் காற்று பிரிந்தால் அது ஃபிம்ப் என்று முடிவாகிவிட்டது.

மிளகாய் கண்டிக்கத்தான் வாயைத் திறந்தாள். காதில் விழுந்ததைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். ‘ஹி ஃபிம்ப்ட்’ என்றான் ஒருவன். நடந்து முடிந்ததைச் சொல்ல வினைச்சொல்லின் கடைசியில் ‘ஈடி’ சேர்க்க வேண்டும், சில சொற்களில் அது ‘ட்’ என்று ஒலிக்கும் என்று அவள் வாரக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள், ஒருவனுக்கும் ஏறவில்லை. இப்போது யாரும் சொல்லித்தராமல் ‘ஃபிம்ப்ட்’ என்கிறார்கள், ‘ஃபிம்பிங்’ என்கிறார்கள், அடிக்கடி செய்பவனை ‘ஃபிம்பர்’ என்கிறார்கள். ஒரு பிழை இல்லை. அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, தோள் குலுங்கச் சிரித்தாள்.

தேர்வு முடிந்து, அதன் வெற்றி விழா நாள் வந்தது. நிர்வாகக் குழுவினர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ‘பின்தங்கியோரையும் முன்னேற்றினோம்’ என்று காட்டுவதற்காகக் குருவியை மேடையில் ஏற்றினார் பச்சை மை. முதல் அட்டை ‘ஸ்ட்ராம்’. சரியாக வாசித்தாள், கைதட்டல். இரண்டாவது அட்டையைத் தூக்கினார். குருவி வாயை மூடிக்கொண்டாள்.

“வாசிம்மா.”

“மாட்டேன் சார்.”

“ஏன், தெரியலையா?”

“தெரியும். அது கெட்ட வார்த்தை.”

“இதுக்கு அர்த்தமே கிடையாதும்மா. இதோ பார், நானே சொல்றேன்” என்று மைக்கை வாயருகே இழுத்து, அரங்கம் அதிர, “ஃபிம்ப்!” என்றார்.

மூன்றாம் வகுப்பு மொத்தமும் பெஞ்சிலிருந்து சரிந்தது. புரியவில்லை போலும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு முறையும் சிரிப்பு அடுத்த வகுப்புக்குத் தாவியது. பின்வரிசையில் இருந்த பெற்றோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. சேலைத் தலைப்பும் கைக்குட்டையும் வாய்க்குப் போயின. முன்வரிசை மட்டும் விறைப்பாக உட்கார்ந்து கைதட்டியது.

மறுநாள் விசாரணை.

“இந்த அசிங்கத்தை யார் சொல்லிக் கொடுத்தது?” என்றார் அண்ணி.

“நீங்கதான் மேடம். சுவரெல்லாம் எழுதி வெச்சீங்க.”

“கிண்டல் பண்ணாத.”

“கிண்டல் இல்ல. சொல் கிடைச்சா பிள்ளைங்க அதுக்கு வேலை கொடுத்துடும். வேற என்ன பண்ணும்? வினைச்சொல், இறந்தகாலம், செய்றவன் பேரு, அத்தனையும் தானா பிடிச்சிருக்காங்க. இதை எழுதி வெச்சுக்கோங்க சார், நீங்க நடத்தினதுல உருப்படியான பாடம் இது ஒண்ணுதான்.”

பச்சை மை எழுதவில்லை. பட்டியல் ‘கெட்டுப்போய்விட்டது’ என்றும், அர்த்தம் ஒட்டாத புதிய சொற்கள் மாதந்தோறும் தேவை என்றும், அவற்றை இந்த ஆசிரியையே தயாரிக்கட்டும் என்றும் தீர்ப்பு சொன்னார். மாலையில் ஒரு சுற்றறிக்கை வந்தது: ‘பொருளற்ற சொற்களைப் பொருளுடன் பயன்படுத்தும் மாணவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’ அதைப் படித்த யாருக்கும் அந்த வீட்டில், அதாவது அந்தப் பள்ளியில், சிரிப்பு வரவில்லை என்பதுதான் மிளகாய்க்குத் தாங்கவில்லை.

“என்னால உளறல் தயாரிக்க முடியாது மேடம். அதுக்குப் படிச்சவங்க இருக்காங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஆங்கிலத்தை அவளிடமிருந்து பிடுங்கி, பச்சை மை கூட்டிவந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தார்கள். வீட்டு மனுஷியை வெளியே அனுப்பினால் நாலு பேர் பேசுவார்களே, அதனால் அவளுக்குக் கணக்கு. கொஞ்ச நாள் அவளுக்கு ஆறவே இல்லை. கணவனுக்குத் தினமும் உப்புக் கூடுதலாகவே விழுந்தது.

கணக்குப் புத்தகமும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஒரு நாள் ஒரு கணக்கைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். அண்ணனிடம் பன்னிரண்டு பென்சில். ‘சிஸ்டர் வாஸ் கிவன் ஃபைவ் பை ஹர் பிரதர்’, அதாவது தங்கைக்கு அண்ணனால் ஐந்து கொடுக்கப்பட்டன. அண்ணனிடம் இப்போது எத்தனை? வகுப்பே ஒரு எழுத்து பிசகாமல் வாசித்தது. பிறகு ஒரே குரலில், “பதினேழு!”

“எப்படி?”

“சிஸ்டர்னு முதல்ல வருது, அப்புறம் கொடுக்கறது வருது, கடைசியில பிரதர் வர்றான் மிஸ். அப்ப தங்கச்சிதானே அண்ணனுக்குக் கொடுத்தா?” என்றான் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அங்க குட்டியா ஒரு ‘வாஸ்’ இருக்கு, குட்டியா ஒரு ‘பை’ இருக்கு. ரெண்டையும் மிதிச்சுட்டு ஓடிட்டீங்க. திரும்பப் பாருங்க. பென்சில் யார் கையிலிருந்து போகுது?”

எல்லாத் தலைகளும் புத்தகத்தின் மேல் கவிழ்ந்தன. குருவிதான் மெல்ல ஆரம்பித்தாள். “அண்ணன் கையிலேர்ந்து மிஸ். ‘பை’க்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறான்.”

“அட, ஆமா!” என்று பையன் கத்தினான். அவன் வாசித்ததில் முதல்முறையாக ஒருவன் ஒருத்திக்கு எதையோ கொடுத்திருந்தான்.

பக்கத்து அறையில் புதிய பட்டியலை ராகம் போட்டுப் பாடத் தொடங்கினார்கள். மிளகாய் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

“அடுத்த கணக்கு. இதுல யாரு யாரை ஏமாத்தறான்னு கண்டுபிடிங்க.”