பிரபஞ்ச ஸ்பரிசமும் ஒரு டிரைவரின் இடுப்பும்

எங்கள் வீட்டு மாப்பிள்ளை மசாஜ் நிலையம் திறந்துவிட்டார். பெயர்தான் இன்னும் வைக்கவில்லை. சாதாரணப் பெயர் அவருடைய கைக்கு அவமானமாம். முதல் ஆளாக ஒரு பஸ் டிரைவரை என் தங்கை கெஞ்சிக் கூட்டி வந்தாள். அவருக்குப் பிடித்துவிட்டால் பணிமனையே திரண்டு வரும். இல்லையென்றால் கடையை மூட வேண்டியதுதான்.

டிரைவர் மேசையில் குப்புறப் படுத்தார். மாப்பிள்ளை எண்ணெயை ஊற்றிவிட்டு அப்படியே நின்றார்.

“‘பிரபஞ்ச ஸ்பரிசம்’னு வைக்கலாமா? கேட்டாலே உடம்பு லேசாகுதில்ல?”

“இடுப்புங்க, இடது பக்கம்,” என்றார் டிரைவர்.

“‘ஆத்ம சுக பீடம்’?”

“பீடம் கெடக்கட்டும், அமுக்குங்க சார்.”

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த பெயர் மேலிருந்து இறங்கி வருமாம்.

“முதல்ல அவரைக் கவனிங்களேன்,” என்று தங்கை பல்லைக் கடித்தாள்.

டிரைவர் எழுந்து சட்டையை மாட்டினார். “நீங்க பேரு வைங்க. எங்க ஆளுங்க வலியோடவே வண்டி ஓட்டிக்குவாங்க,” என்று இடுப்பைப் பிடித்தபடி வெளியேறினார்.

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களா மச்சான், ‘பீடம்’ பாமர ஜனங்களுக்குப் பிடிக்கல. அதை எடுத்துடலாம்.”